கூச்ச சுபாவத்துக்கு மொழி வராது என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் ஆளுமை வளர்ச்சித் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படிக்கிறேன். நிறைய நல்ல விஷயங்கள் வந்திருக்கின்றன, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் போன வாரப் பகுதியில், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இரண்டாவது மொழி லேசில் வராது, கலகலப்பாகப் பழகுகிறவர்கள்தான் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், ஆகவே மொழி கற்க வருகிறவர் முதலில் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை. இந்த ஒரு பேச்சை நம்பி, "எனக்கெல்லாம் வராதுங்க" என்று பாதியில் எழுந்து போனவர்களைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

17 வருடமாக மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு இரண்டாம் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மொழி, எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை, எங்கே போனாலும் இது இப்படித்தான் இருக்கிறது. வேலை முடிந்து களைப்போடு வருகிறவர்கள், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ஓடி வருகிறவர்கள், புதிய நாட்டில் வந்து இறங்கி மூன்று மாதம்கூட ஆகாதவர்கள் என்று எல்லாரும் வருவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டியவர், கணக்கு எழுதும் வேலை. எப்போதும் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. வருகிற பதிலும் "ஆமாம்", "இல்லை", "தெரியவில்லை" என்ற அளவில்தான். எங்கள் நிறுவனத்தில் பருவத்தின் நடுவில் ஒவ்வொருவர் பற்றியும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "சுபாவம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அவருக்கு நேராக, "அமைதியானவர், தயக்கம் அதிகம், கலந்துகொள்வதில் ஆர்வம் குறைவு" என்று என் கையாலேயே எழுதினேன்.

அதற்கு அடுத்த வாரம் இடைவேளையில் நடைபாதையில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்தப் பெண்மணி, ஜன்னல் ஓரம் நின்று போனில் தன் தாய்மொழியில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். அவர் மொழி எனக்குப் புரியாது. ஆனால் அவர் ஏதோ ஒரு மேலதிகாரி மாதிரி குரலைக் கனமாக்கிப் பேசுகிறார், அப்புறம் பயந்த ஆள் மாதிரி குரலை மெலிதாக்கிப் பதில் சொல்கிறார், நடுவில் ஒரு கை தலைக்கு மேலே போகிறது, மறுமுனையில் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்கிறது. பக்கத்தில் நின்ற, அந்த மொழி தெரிந்த இன்னொரு மாணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அந்த வகுப்பிலேயே கதை சொல்லத் தெரிந்த ஆள் அவர்தான். மூன்று மாதமாக என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. ஆர்வம் குறைவு என்று நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

அப்படியானால் வகுப்புக்குள் வந்ததும் அந்தக் கதைசொல்லி எங்கே போகிறார்? இதற்குச் சுபாவத்தைக் காட்டிலும் எளிமையான ஒரு காரணம் இருக்கிறது. நேரம்.

2009-ல் 10 மொழிகளில் மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஒரு ஆய்வு வந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்தார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் பொதுவாகச் சுமார் 0.2 நொடிதான். கண் இமைக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியிலேயே ஒரு மனிதருக்குச் சுமார் 0.6 நொடி ஆகிறது. ஒரே ஒரு சொல்லுக்கே இவ்வளவு. அப்படியிருந்தும் 0.2 நொடியில் எப்படிப் பதில் வருகிறது என்றால், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார்செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். கேட்பதும் கோர்ப்பதும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

இரண்டாம் மொழியில் இது நடக்க வேண்டுமே. கேட்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது. அவர் சொன்னது புரிந்த பிறகுதான் பதில் யோசிக்க முடிகிறது. யோசித்தால் முதலில் தாய்மொழிச் சொல் வந்து முன்னால் நிற்கிறது, அதை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தேட வேண்டும், பிறகு வினைச்சொல்லின் விகுதி, பிறகு வரிசை. எல்லாம் கூடி வரும்போது பேச்சு வேறு ஒருவரிடம் போய்விட்டது. இப்படி ஐந்து முறை நடந்தால் ஆறாவது முறை முயற்சி செய்யவே தோன்றாது. பார்க்கிறவர்களுக்கு இது அமைதியான சுபாவமாகத் தெரிகிறது. அவர் பேச வந்து, முறை கிடைக்காமல் நிற்கிறார், அவ்வளவுதான்.

நகைச்சுவைதான் இதில் முதலில் அடிபடுகிறது. சிரிப்பு முழுக்க முழுக்கச் சமயத்தைப் பொறுத்தது, அரை நொடி தாமதித்தால் அதே வார்த்தை சப்பென்று போய்விடும். ஆகவே தாய்மொழியில் யார் அதிகம் சிரிக்கவைக்கிறாரோ, அவருக்குத்தான் இரண்டாம் மொழியில் இழப்பு அதிகம். ஏற்கெனவே குறைவாகப் பேசுகிற ஒருவர் அங்கேயும் குறைவாகப் பேசுவார், அவரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கலகலப்பானவர்தான் தன்னையே தொலைத்துவிட்ட மாதிரி உணர்கிறார். உங்கள் தொடரில் சொன்னதற்கு நேர் எதிரான இந்தப் பக்கத்தையும் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, கலகலப்பானவர்களுக்கு மொழி சீக்கிரம் வரும் என்பதில் உண்மையே இல்லையா? இருக்கிறது, ஆனால் எந்த அளவுக்கு என்று பார்க்க வேண்டும். 1978-ல் டொரன்டோவில், பிரெஞ்சு படித்த பள்ளி மாணவர்களை வைத்து ஒரு விரிவான ஆய்வு வெளியானது. நன்றாக மொழி கற்கிறவர் எப்படி இருப்பார் என்பதுதான் கேள்வி. மாணவர்களின் சுபாவத்தைச் சோதனைத்தாள் கொடுத்து அளந்தார்கள், மொழித் தேர்வு மதிப்பெண்ணையும் எடுத்தார்கள். புறத்தே கலகலப்பாக இருப்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் இந்த ஆய்வு முடிவைக் காட்டி, சுபாவத்துக்கும் மொழிக்கும் சம்பந்தம் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஜான்-மார்க் டெவேல், ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் என்ற இருவர் 1999-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். எழுத்துத் தேர்வை வைத்து அளந்தால் எக்ஸ்ட்ரோவர்ட் (கலகலப்பாகப் பழகுகிறவர்), இன்ட்ரோவர்ட் (தனக்குள் ஒதுங்கி இருப்பவர்) வித்தியாசம் தெரியாது, வாய்விட்டுப் பேசும்போதுதான் தெரியும், அதிலும் பதற்றமான சூழ்நிலையில் கூடுதலாகத் தெரியும் என்றார்கள். அடுத்த வருடம் பிரெஞ்சு பேசிய 25 ஃபிளெமிஷ் மாணவர்களை, அதாவது பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதி மாணவர்களை, சாதாரண உரையாடலிலும், தேர்வு மாதிரியான சூழலிலும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். சாதாரணமாகப் பேசும்போது பெரிதாக இல்லாத வித்தியாசம், தேர்வுச் சூழலில் பெரிதாகிவிட்டது. இன்ட்ரோவர்ட் மாணவர்களுக்கு அங்கேதான் வேகம் குறைந்தது, தடுமாற்றம் கூடியது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்த மாணவருக்கு மொழி தெரியாமல் இல்லை, சாதாரண உரையாடலில் சகஜமாகப் பேசியவர்தான். பரீட்சை என்று உட்காரவைத்ததும் அவருக்குள் இருக்கும் மொழி வெளியே வரும் பாதை குறுகிவிடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? வேலைக்கான நேர்முகம், வாய்மொழித் தேர்வு, விசா கேள்வி என்று ஒருவரின் மொழியை எடைபோடும் இடங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து அந்தக் குறுகிய பாதையிலேயே வைத்திருக்கிறோம்.

கலகலப்பானவர்களின் லாபம் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், அவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. என் வகுப்பில் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். இருபது சொல் தெரிந்தால் இருநூறு பேரிடம் பேசிவிடுவார். பேசப் பேச எதிரில் இருப்பவர்கள் திருத்துவார்கள், புதுச்சொல் தருவார்கள், ஆக அவருக்கு ஒரு நாளில் கிடைத்த பழக்கம் மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் கடந்த காலத்தில் சொல்ல வேண்டியதை எல்லாம் நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகிவிட்டார். "நேற்று நான் போகிறேன்" என்பார். எல்லாருக்கும் புரிந்துவிட்டதால் யாரும் திருத்தவில்லை. இரண்டு வருடம் கழித்து அதை மாற்ற நானும் அவரும் பட்ட பாடு சாதாரணமில்லை, பேச ஆரம்பித்தாலே பழைய வடிவம்தான் முந்திக்கொண்டு வரும். கதவோரப் பெண்மணியின் நோட்டை அதே வருடம் வாங்கிப் பார்த்தேன். வகுப்பில் வேறு யாராவது பதில் சொல்லிவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும், அவர் தன் பதிலை எழுதி வைத்திருந்தார். பக்கம் பக்கமாக. சில இடங்களில் அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறார், ஓரத்தில் தேதி போட்டிருக்கிறார். ஒரு வாக்கியத்துக்குக் கீழே "இதைச் சொல்லியிருக்கலாம்" என்று அந்த இரண்டாம் மொழியிலேயே எழுதியிருந்தது, பிழையே இல்லாமல்.

இவர்கள் இரண்டு பேரில் யாருக்கு மொழி வந்தது? எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். இருவருக்கும் வந்தது, வேறு வேறு வழியில் வந்தது. நாம் ஒரு வழியைத்தான் பார்க்கப் பழகியிருக்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். கூச்சமும் மொழிப் பதற்றமும் ஒன்றில்லை. உங்கள் தொடரில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள். 1986-ல் எலைன் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும், வேற்றுமொழி வகுப்பில் வரும் பதற்றத்தைத் தனியாக அளப்பதற்கென்றே 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஏன் தனியாக வேண்டியிருந்தது? ஏனென்றால் மேடையில் நின்று ஆயிரம் பேர் முன்னால் கொஞ்சமும் அசராமல் பேசுகிறவருக்கும் வேற்றுமொழி வகுப்பில் கை நடுங்குகிறது. அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் ஒருவர் என்னிடம் படித்தார். "நேற்று என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் உள்ளங்கை வேர்த்து, பேனா வழுக்கி மேசையில் விழுந்தது. அவரைக் கூச்ச சுபாவம் என்று யாராவது சொல்ல முடியுமா? முதிர்ந்த மனிதர் ஒருவர், தன் முதிர்ச்சி அளவுக்கு வார்த்தை கையில் இல்லாமல் நிற்கிறார். ஐம்பது வயது அறிவை ஐந்து வயது வாக்கியத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்கானாலும் நடுங்கும்.

நானும் இதை அனுபவித்திருக்கிறேன். ஒரு அலுவலகக் கவுண்டரில், எனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒரு விவரம் கேட்டேன். உள்ளே இருந்தவர் என் உச்சரிப்பைக் கேட்டதும், குழந்தையிடம் பேசுவது போலச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பதில் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாக்கியத்தைச் சொன்னபோது என் குரல் மெலிந்துவிட்டது, தலை தானாகக் குனிந்தது, கேட்க வந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே திரும்பிவிட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அந்த ஐந்து நிமிடம் அப்படி ஆக்கப்பட்டேன். சுபாவம் என்பதை ஒருவர் தனக்குள் பெட்டியில் வைத்துக்கொண்டு திரிவதாக நாம் நினைக்கிறோம், அதில் பாதி எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

உள்ளே இருக்கும் மொழியை ஏதோ ஒன்று வாசலில் நிறுத்திவைக்கிறது என்பதற்கு விசித்திரமான ஒரு சான்றும் உண்டு. 1972-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கியோரா என்பவரும் குழுவினரும், சிலருக்குக் கொஞ்சம் மது கொடுத்துவிட்டு, அவர்களுக்குத் தெரியாத தாய் மொழிச் சொற்களை, அதாவது தாய்லாந்து மொழிச் சொற்களை, உச்சரிக்கச் சொன்னார்கள். குறைந்த அளவு மது குடித்தவர்களின் உச்சரிப்பு நன்றாக இருந்தது, அளவு கூடியதும் அந்த நன்மை போய்விட்டது. பிறகு 1980-ல் மயக்க மருந்து மாதிரியான அமைதி மாத்திரையை வைத்துச் செய்துபார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, ஆகவே மதுவின் வேலைதானா வேறு எதுவுமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, 2017-ல் இன்னொரு ஆய்வு. டச்சு மொழியைப் புதிதாகக் கற்றிருந்த 50 ஜெர்மன்காரர்களில் சிலருக்குச் சிறிது மதுவும் சிலருக்குச் சாதாரண நீரும் கொடுத்துப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று தெரியாத டச்சுக்காரர்கள் அந்தப் பதிவைக் கேட்டு, குடித்தவர்களின் பேச்சுக்கு, முக்கியமாக உச்சரிப்புக்கு, கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பேசியவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண் மட்டும் கூடவில்லை.

குடித்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். மது யாருக்கும் ஒரு டச்சுச் சொல்லைக்கூடக் கற்றுத்தராது. அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வந்தது. தப்பாகிவிடுமோ, சிரித்துவிடுவார்களோ, நான் நானாக இல்லாமல் போய்விடுவேனோ என்று காவல் காக்கிற ஒன்று கொஞ்சம் அசந்தது. கியோரா இதை மொழியோடு ஒட்டிய "நான்" என்ற உணர்வாகவே பார்த்தார். ஒரு மனிதரின் உச்சரிப்பு அவரது முகம் மாதிரி, அதை மாற்றச் சொல்வது முகத்தை மாற்றச் சொல்வது போல. அதனால்தான் இலக்கணத்தை எல்லாம் பிடித்துக்கொண்டு பத்திரிகையில் கட்டுரை எழுதும் அளவுக்கு வந்தவர்களும் உச்சரிப்பை மட்டும் விடுவதில்லை. போலந்துக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குப் பிறகுதான் ஆங்கிலம் கற்றார், அந்த மொழியின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரானார், கடைசிவரை அவர் ஆங்கிலப் பேச்சில் போலந்து வாடை கனமாகவே இருந்தது. உச்சரிப்பு கனமாக இருந்தால் புரியாது என்பதும் தவறு. 1995-ல் முரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் செய்த ஆய்வில், உச்சரிப்பு கனமானது என்று கேட்டவர்கள் குறித்த பேச்சையே, பல இடங்களில் அவர்கள் சொல்லுக்குச் சொல் பிழையில்லாமல் எழுதிக்காட்டினார்கள்.

இனி, இரண்டாம் மொழி பேசும்போது ஆளே மாறிவிடுகிறாரா என்ற கேள்வி. இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அனெட்டா பாவ்லென்கோவும் டெவேலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம், வேறு மொழி பேசும்போது சில சமயம் வேறு ஆள் போல உணர்கிறீர்களா என்று கேட்டபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1960-களில், சூசன் எர்வின்-ட்ரிப் என்பவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியப் பெண்களிடம் பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னார், ஒரு தடவை ஜப்பானிய மொழியில், இன்னொரு தடவை ஆங்கிலத்தில். என் விருப்பம் குடும்பத்தோடு மோதும்போது என்ற வாக்கியத்தை ஒரு பெண் ஜப்பானிய மொழியில், அது மிகவும் துயரமான நேரம் என்று முடித்தார். அதே பெண் ஆங்கிலத்தில், எனக்குப் பிடித்ததைச் செய்வேன் என்று முடித்தார். சிறிய ஆய்வுதான், ஆனால் படித்த நாளிலிருந்து அந்தப் பெண் என் மனதை விட்டுப் போகவில்லை. 2006-ல் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசுகிறவர்களிடம் சுபாவச் சோதனைத்தாளை இரண்டு மொழியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது அவர்களே சற்றுக் கூடுதல் கலகலப்பானவர்களாக வந்தார்கள்.

இதற்காக ஒரு உடலில் இரண்டு ஆள் இருப்பதாகச் சொல்லக் கூடாது. இருமொழியாளர்களை ஆராயும் பிரான்சுவா குரோஜான் போன்றவர்கள் இதைப் பல காலமாக எச்சரிக்கிறார்கள். மொழி மாறும்போது மொழி மட்டுமா மாறுகிறது? எதிரில் நிற்கும் ஆள் மாறுகிறார், பேசும் இடம் மாறுகிறது, பேசும் விஷயம் மாறுகிறது. ஒரே மொழி பேசுகிறவரும் அம்மாவிடம் ஒரு மாதிரி, மேலதிகாரியிடம் ஒரு மாதிரிதானே. எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. ஆனாலும் மொழியின் அமைப்பே ஒன்றைக் கேட்கிறது என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழில் எதிரில் இருப்பவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும், முடிவு செய்யாமல் வினைச்சொல்லை முடிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் அந்த முடிவு தேவையில்லை. அந்த மொழிக்குப் போகும்போது சிலருக்குத் தோளிலிருந்து சுமை இறங்கிய மாதிரி இருக்கிறது. சிலருக்கோ மரியாதையைக் காட்ட வழியில்லாமல் முரட்டுத்தனமாகப் பேசிவிட்ட குற்ற உணர்வு வருகிறது, அதனாலேயே பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் சிலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் மொழி வாயைக் கட்டுவது மட்டுமில்லை, சில நேரம் கட்டை அவிழ்க்கவும் செய்கிறது. 2003-ல் துருக்கிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் விரலில் கருவி பொருத்தி, தோலில் வரும் மாற்றத்தை அளந்தார்கள். சின்ன வயதில் பெரியவர்கள் கண்டிக்கும் வார்த்தைகளைத் துருக்கிய மொழியில் கேட்டபோது உடம்பு சட்டென்று பதில் கொடுத்தது, அதே கண்டிப்பை ஆங்கிலத்தில் கேட்டபோது அந்த அளவுக்கு இல்லை. தாய்மொழிச் சொல் உடம்போடு ஒட்டியிருக்கிறது, பிறகு கற்ற சொல் சற்றுத் தள்ளி நிற்கிறது. அந்தத் தள்ளி நிற்பதில் ஒரு வசதி உண்டு. என் வகுப்பில் இறந்தகாலப் பயிற்சிக்காக "போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்றேன். எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, ஒவ்வொரு வினைச்சொல்லாகத் தேடித் தேடி, தன் அப்பா இறந்துபோனதைச் சொன்னார். ஒரு சொல் சொல்லி, நின்று, அடுத்த சொல். யாரும் அசையவில்லை. முடித்துவிட்டு, வீட்டில் யாரிடமும் இதைப் பேசியதில்லை, எங்கள் மொழியில் ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடும் என்றார். இரண்டு இடத்தில் விகுதி தப்பு. திருத்தவில்லை நான்.

ஆகவே தொடர் எழுதுகிறவருக்கு என் வேண்டுகோள் இதுதான். சுபாவத்தை மாற்றிக்கொண்டு வா என்று கற்க வருகிறவரிடம் சொல்லாதீர்கள். மாற்றிக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் எதிரில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், மனதுக்குள் ஐந்து வரை எண்ணினாலே போதும். ஆரம்பத்தில் அந்த மௌனம் எனக்கே தாங்க முடியாததாக இருந்தது, பழகிவிட்டது. முதலில் எழுதச் சொல்லி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லச் சொல்லி, அதற்கப்புறம் வகுப்பில் சொல்லச் சொன்னால், கதவோரத்தில் இருப்பவருக்கும் முறை கிடைக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து திருத்தினால் ஓட்டுநர் தாங்கிக்கொள்வார், அந்தப் பெண்மணி தாங்க மாட்டார், அவருக்கு நோட்டில் எழுதிக்கொடுத்தால் போதும். வீட்டில் பெற்றோரும், பிள்ளை காதுபட "இவனுக்குக் கூச்ச சுபாவம், பேச மாட்டான்" என்று வந்தவர்களிடம் சொல்வதை விட்டுவிட வேண்டும். சொல்லச் சொல்ல அவன் அதையே தன் பெயராக வைத்துக்கொள்கிறான்.

கதவோரப் பெண்மணியைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். நோட்டைப் பார்த்த பிறகு, கேள்விகளை முதல் நாளே அவருக்கு எழுதிக்கொடுத்துவிட ஆரம்பித்தேன். பதில் தயாராக இருந்ததால் முறை வந்தபோது அவர் பேசினார். ஒன்றிரண்டு மாதத்தில் தயார்செய்யாத கேள்விக்கும் பேசினார். பருவம் முடியும் சமயத்தில் ஒருநாள் நான் ஏதோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, பாதியில் என்னை நிறுத்தி, நான் பேசுகிற மாதிரியே குரலை வைத்து ஒரு வாக்கியம் சொன்னார். சரியான சமயத்தில், சரியான விகுதியோடு. வகுப்பே சிரித்தது, ஓட்டுநர் மேசையைத் தட்டினார்.

அடுத்த வாரப் பகுதி வேலைக்கான நேர்முகத் தேர்வு பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இரண்டாம் மொழியில் நேர்முகத்துக்கு வருகிறவர்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறிப் பேசினார், தன்னம்பிக்கை இல்லை என்று குறிப்பு எழுதுவதற்கு முன்பு, கேள்வி கேட்பவர் எத்தனை நொடி காத்திருந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஒரு மொழி ஆசிரியை